விரலே விழியாயிற்று!

எண்ணையும் எழுத்தையும் மனிதனுக்குரிய கண்களாகப் போற்றுவது தமிழ் மரபு. குழந்தைக்கு ஏடு தொடக்கும் நன்னாளிலே, தாம்பாளத்திற் பரப்பிய பச்சையரிசியில் அதன் சுட்டுவிரலைப் பிடித்து ‘அ’ என்று எழுதுவிக்கின்றோம். எழுத்து முதன்முதலாக நம்மிடம் வந்து சேர்வது விரலின் வழியாகத்தான். ஆயினும் அடுத்த நாளே அதனைக் கண்ணிடம் ஒப்படைத்துவிட்டு விரலை மறந்துவிடுகின்றோம். அப்படியானால், கண்ணொளி இல்லாத குழந்தைக்கு எழுத்தை யார் கொடுப்பது? எவ்வாறு கொடுப்பது?

இவ்வினாவுக்கு விடை காண முயன்றவர் பலர். அவர்கள் நல்ல மனம் படைத்தவர்கள், அறிவிலும் குறைந்தவரல்லர். எனினும் அவர்கள் ஆக்கிய முறைகளுட் பல நெடுநாள் நிலைக்கவில்லை. அவர்கள் தம் கண்ணுக்கு எளிதாகத் தோன்றியதைச் செய்தார்களேயன்றி, பயன்படுத்தப் போகும் விரலைக் கேட்டுச் செய்தார்களில்லை. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவன் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன். அவனுடைய வரலாற்றை இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம். இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய கதைதான். ஆனால் இன்று நம் மேசைமீதிருக்கும் கணினிக்கும் அதிலே ஒரு பாடம் உண்டு.

பட்டறையில் நேர்ந்த விபத்து

பிரான்சு தேசத்தின் தலைநகராகிய பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே கூப்வ்ரே என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் கடைசிப் பிள்ளையாக, 1809 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் திகதி லூயி பிறெயில் பிறந்தான். மூன்று வயதிலே, தந்தையின் பட்டறையில் விளையாடிக் கொண்டிருந்த குழந்தை, தோலைத் துளைக்கும் குத்தூசி ஒன்றை எடுத்துத் தானும் தந்தையைப் போலத் தோலிற் குத்திப் பார்த்தது. ஊசி வழுக்கி ஒரு கண்ணிற் பாய்ந்தது. புண் முற்றியது, நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதளவில் இரு கண்களும் ஒளியிழந்தன.

பெற்றோர் மனமுடைந்து பிள்ளையை மூலையிலே இருத்திவிடவில்லை. கிராமப் பாடசாலைக்கே அவனை அனுப்பினர். செவி வழியாகவே பாடங்களைக் கற்றுக் கொண்ட சிறுவன், மற்றப் பிள்ளைகளோடு சரிநிகராக நின்றான். ஆனால் புத்தகத்தைத் திறக்கும் வேளை வந்ததும் அவன் கை கட்டியிருக்க வேண்டியதாயிற்று. 1819 ஆம் ஆண்டில், பத்து வயதிலே, பாரிஸிலிருந்த விழிப்புலனற்ற இளைஞருக்கான அரச பாடசாலையில் அவன் சேர்க்கப்பட்டான்.

கண்ணுக்காகச் செய்த எழுத்து

அப்பாடசாலை தோன்றியதற்கும் ஒரு கதை உண்டு. 1771 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரச் சந்தையொன்றில் விழிப்புலனற்ற சிலருக்குக் கோமாளித் தொப்பியும் பெரிய மூக்குக் கண்ணாடியும் அணிவித்து, இசைக் கருவிகளைக் கையிற் கொடுத்து, கூட்டத்தார் நகைத்துக் கொண்டிருந்தனர். அதனைக் கண்டு உள்ளம் கொதித்தார் வலந்தின் ஹாயி என்பவர். இவர்களை நகைப்புக்கு உரியவர்களாக அன்றி, நூல் வாசிப்பவர்களாக ஆக்குவேன் என்று உறுதி பூண்ட அவர், 1785 ஆம் ஆண்டிலே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். உலகில் இவ்வகைப் பாடசாலைகளுள் அதுவே முதலாவது.

ஹாயி கையாண்ட முறை இது: ஈரமான தடித்த கடதாசியில் பெரிய அச்செழுத்துக்களை அழுத்தி, எழுத்தின் வடிவம் மேலே புடைத்து நிற்குமாறு செய்வது. மாணாக்கர் அவ்வடிவத்தை விரலால் தடவி வாசிப்பர். அக்காலத்துக்கு இஃது ஒரு பெரும் சாதனையே. ஆயினும் புத்தகங்கள் கருங்கல் போலக் கனத்தன. ஒரு சொல்லை வாசித்து முடிப்பதற்குள் அதன் முதலெழுத்து மறந்து போகும். எல்லாவற்றிலும் மேலான குறை ஒன்று உண்டு. இவ்வெழுத்தை மாணாக்கர் வாசிக்கலாமேயன்றி எழுத இயலாது.

இதன் காரணத்தை நம் மாணவ மணிகள் வீட்டிலேயே சோதித்து அறியலாம். ஒரு மட்டையிலே தடித்த நூலை ஒட்டி ‘ண’ என்றும் ‘ன’ என்றும் எழுதுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எது எந்த எழுத்து என்று விரலால் தடவிச் சொல்லிப் பாருங்கள். கண்ணானது முழு வடிவத்தையும் ஒரே நோக்கிலே பற்றிக் கொள்ளும். விரலோ கோட்டின்மீது ஊர்ந்து, சுழிகளை ஒவ்வொன்றாக எண்ணி, முடிவிலேதான் உருவத்தை ஊகிக்க வேண்டும். ஹாயி விழிப்புலனற்றோர்மீது பேரன்பு கொண்டவர். ஆயினும் அவர் அவர்களுக்குக் கொடுத்தது கண்ணுக்காகச் செய்த எழுத்தையே.

பன்னிரண்டு புள்ளிகள் ஆறாயின

1821 ஆம் ஆண்டிலே, படையிற் பணியாற்றியவரான சார்ள்ஸ் பார்பியே என்பவரின் புதிய எழுத்துமுறையொன்று பாடசாலைக்கு வந்தது. இருளிலும் தடவி வாசிக்கத் தக்கதாகையால் அதனை இரவெழுத்து என்றனர். அதிலே கோடும் வளைவும் இல்லை; புள்ளிகளே உண்டு. பிரெஞ்சு மொழியின் ஒலிகளை வரிசைக்கு ஆறாக ஆறு வரிசையில் அமைத்து, ஒவ்வோர் ஒலிக்கும் அதன் வரிசை எண்ணையும் இட எண்ணையும் இரு நிரல்களிற் புள்ளிகளாக இடுவது அம்முறை. ஒரு குறியிலே பன்னிரண்டு புள்ளிகள் வரை வரலாம்.

சிறுவன் லூயி அதனைத் தடவியதும், விரலுக்கு உகந்தது கோடன்று, புள்ளியே என்பதை உணர்ந்தான். கூடவே அதன் குறைகளையும் உணர்ந்தான். குறி உயரமாக இருந்தபடியால் விரல் மேலும் கீழும் அலைய வேண்டியிருந்தது. ஒலியை மட்டும் குறித்தமையால் சொற்களைப் பிழையின்றி எழுதக் கற்பதற்கு அது உதவவில்லை. நிறுத்தக் குறிகளும் இலக்கங்களும் இசைக் குறியீடும் அதில் இல்லை. கண்ணுள்ள ஒருவர் இவற்றைச் சிறு குறைகளென்று எண்ணியிருக்கலாம். நாள்தோறும் விரலால் வாசிக்க வேண்டியவனுக்கு இவை சிறு குறைகளாகத் தோன்றுமா?

பகலிலே வகுப்பும் இரவிலே ஆராய்ச்சியுமாக மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1824 ஆம் ஆண்டளவில், பதினைந்து வயதிலே, லூயி தன் முறையின் அடிப்படையை வகுத்துவிட்டான். பன்னிரண்டு புள்ளிகள் ஆறாயின. இடப்புறம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்புறம் 4, 5, 6. புள்ளிக்குப் புள்ளி ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் இடைவெளி. ஆகவே முழு எழுத்தும் விரல் நுனிக்குள் ஒரே தொடுகையில் அடங்கிவிடும். வெறுங் கட்டத்தை நீக்கினால் இவ்வாறு புள்ளிகளிலிருந்து 63 குறிகள் பிறக்கும். எழுத்து, இலக்கம், நிறுத்தக் குறி, இசைச் சுரம் அனைத்துக்கும் அவை போதும்.

எழுதுவதும் எளிதாயிற்று. துளைகள் கொண்ட சட்டமொன்றைக் கடதாசிமீது வைத்துக் கூரிய எழுத்தாணியாற் குத்தினால், மறுபுறத்திலே புள்ளி புடைத்து நிற்கும். பின்புறத்திலிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். எந்தக் கூரிய கருவி கண்ணைப் பறித்ததோ, ஏறத்தாழ அதே போன்ற கருவியே அவன் கையில் எழுதுகோலாக வந்தமைந்தது விந்தையன்றோ!

தீயில் இடப்பட்ட நூல்கள்

லூயி பிறெயில் வளர்ந்து அதே பாடசாலையில் ஆசிரியரானார். தேவாலயங்களில் ஓர்கன் வாசிக்கும் கலைஞராகவும் விளங்கினார். 1829 ஆம் ஆண்டில் தம் முறையை விளக்கி நூல் வெளியிட்டபோது, பார்பியேக்குத் தாம் பட்ட கடனை மறவாது குறிப்பிட்டார். மாணாக்கர் அம்முறையை ஆவலோடு கற்றனர். ஆனால் கண்ணுள்ள ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. தமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து விழிப்புலனற்றோரைச் சமுதாயத்திலிருந்து பிரித்துவிடும் என்று கருதினர். 1840 ஆம் ஆண்டிலே அதிபர் பதவிக்கு வந்த டியூபோ என்பவர் புள்ளியெழுத்தைத் தடை செய்தார். நூல்கள் தீயில் இடப்பட்டன.

தடையால் என்ன நேர்ந்தது? மாணாக்கர் அகப்பட்ட கூரிய பொருள்களைக் கொண்டு மறைவிலே எழுதி, ஒருவருக்கொருவர் கற்பித்து வந்தனர் என்பர். உதவி அதிபரான குவாதே இதனைக் கண்டு மனம் மாறி, டியூபோவின் மனத்தையும் மாற்றினார். 1844 ஆம் ஆண்டு புதிய கட்டடத் திறப்பு விழாவிலே, சபையோர் முன்னிலையில் புள்ளியெழுத்தின் ஆற்றல் காட்டப்பட்டது. பிறெயில் அவ்வேளை காசநோயால் நலிந்திருந்தார். 1852 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் திகதி அவர் மறைந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னரே பிரான்சு அவருடைய முறையை ஏற்றுக்கொண்டது. நூறு ஆண்டுகள் கழிந்து, 1952 இல், நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்கு அவரது உடல் கொண்டு செல்லப்பட்டது. எழுத்தைக் கண்ட அந்தக் கைகளை மட்டும் கூப்வ்ரே கிராமம் தன்னிடமே வைத்துக் கொண்டது.

வீட்டுக்கு ஒரு கடிதம்

பிறெயிலின் வாழ்விலே மற்றொரு முயற்சியும் உண்டு. அதனைப் பலர் அறியார். புள்ளியெழுத்தால் மாணாக்கர் தமக்குள் எழுதிக் கொள்ளலாம். ஆனால் கிராமத்திலிருக்கும் தாய்க்கு எழுதுவது எப்படி? அவளுக்குப் புள்ளியெழுத்துத் தெரியாதே! பிறரிடம் சொல்லி எழுதுவித்தால், உள்ளத்திலுள்ளதை ஒளியாது சொல்ல முடியுமா? சோறு பிடிக்கவில்லை என்றும், வீட்டு நினைவாய் இருக்கிறது என்றும் மூன்றாம் ஆளை நடுவில் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைதான் சொல்லும்?

ஆகவே 1839 ஆம் ஆண்டிலே, பத்துக்குப் பத்தாகிய கட்டத்துள் புள்ளிகளை இட்டு வழக்கமான அச்செழுத்தின் வடிவத்தையே வரையும் ஒரு முறையைப் பிறெயில் வெளியிட்டார். எழுதுபவர் விரலாலும் பெறுபவர் கண்ணாலும் அதனை வாசிக்கலாம். ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் பல புள்ளிகளைக் குத்த வேண்டியிருந்தமையால் வேலை மந்தமாக நடந்தது. அதே பாடசாலையின் பழைய மாணாக்கரும் விழிப்புலனற்ற யந்திரக் கலைஞருமான பூக்கோ என்பவர், 1841 ஆம் ஆண்டில் அதற்கென ஒரு யந்திரத்தையே அமைத்துக் கொடுத்தார். இரகசியமாய்த் தாய்க்குக் கடிதம் எழுதும் உரிமை, கண்ணுள்ள எவருக்கும் ஒரு பொருட்டாய்த் தோன்றாத உரிமை. அதன் அருமையை அறிந்தவர்களே அதற்குரிய கருவியையும் செய்தார்கள்.

தமிழுக்கு வந்த புள்ளிகள்

ஆறு புள்ளிகள் உலகைச் சுற்றி வந்தன. இன்று இரத்மலானையில் உள்ள செவிப்புலன், விழிப்புலன் அற்றோருக்கான பாடசாலை 1912 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. யாழ்ப்பாணத்திலே கைதடி நவீல்ட் பாடசாலையைத் தமிழ்ப் பெற்றோர் நன்கறிவர். முற்காலத்தில் இந்திய மொழிகளுக்கு ஊருக்கொரு புள்ளிமுறை வழங்கிற்று. 1951 ஆம் ஆண்டிலே யுனெஸ்கோவின் துணையோடு அவை ஒன்றாக்கப்பட்டுப் பாரதி பிறெயில் என்னும் பொதுமுறை வகுக்கப்பட்டது. இலங்கைத் தமிழரும் அதனையே பயில்கின்றனர். ககரத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் 1, 3 என்னும் அதே இரு புள்ளிகள்தாம். ஆங்கிலத்தின் ‘கே’ எழுத்துக்கும் அவையே. ஒரே விரலால் மும்மொழியும் கற்கும் பிள்ளைக்கு இது பெரியதோர் அனுகூலமாகும்.

‘அம்மா’ என்னும் சொல்லை எழுதிப் பார்ப்போம். முதற் கட்டத்திலே புள்ளி 1, அஃது அகரம். அடுத்த கட்டத்திலே புள்ளி 4. அது மெய்யெழுத்தின் குற்று. அதன்பின் மகரம் இருமுறை. 1, 3, 4 என்பன அதன் புள்ளிகள். கடைசியாக 3, 4, 5, அஃது ஆகாரம். ஐந்து கட்டங்களில் 11 புள்ளிகள்.

அச்சிலே மகரத்தின் தலைமேல் நிற்கும் குற்று இங்கே மகரத்துக்கு முன்னே வந்து நிற்பதைக் கவனியுங்கள். வருவது மெய்யெழுத்து என்று விரலுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அவ்வாறே ‘கொ’ என்று எழுதுவதற்கு, அச்சிலே கொம்பும் ககரமும் அரவும் வேண்டும். பிறெயிலிலே ககரமும் ஒகரமும் உச்சரிக்கும் ஒழுங்கிலேயே வரும், கொம்பு இல்லை. அச்செழுத்தின் உருவத்தைப் பின்பற்றாது விரலின் வழியைப் பின்பற்றியதால் வந்த தெளிவு இது.

பேசும் கணினி

இப்பொழுது நம் காலத்துக்கு வருவோம். கணினித் திரையிலுள்ள எழுத்தைக் குரலாற் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். 1978 ஆம் ஆண்டு வீதி விபத்தொன்றில் பார்வையிழந்த மோட்டார் சைக்கிள் ஓட்டப் பந்தய வீரர் டெட் ஹென்டர், 1989 ஆம் ஆண்டிலே ‘ஜோஸ்’ என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டார். அது சிறந்தது, ஆனால் விலை அதிகம். அவுஸ்திரேலியாவிலே விழிப்புலனற்ற இளைஞரான மைக்கல் கரன், 2006 ஆம் ஆண்டில் ‘என்.வி.டி.ஏ.’ என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே என்பவர் துணை சேர்ந்தார். அவர்கள் அதனை விலையின்றி உலகுக்கு வழங்கினர். ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் வழங்கும் அது, தமிழையும் வாசிக்கும். பாரிஸில் நடந்தது மீண்டும் நடந்தது; தேவையை அறிந்தவரே கருவியையும் செய்தனர்.

கைத்தொலைபேசி கண்ணாடிப் பலகையாய் மாறியபோது, தடவி அறியப் பொத்தானே இல்லையே என்று பலர் கவலையுற்றனர். 2009 ஆம் ஆண்டு ஐபோனிலே அதற்கும் ஒரு வழி பிறந்தது. விரல் பட்ட இடத்திலுள்ளதைத் தொலைபேசி வாய்விட்டுச் சொல்லும். இருமுறை தட்டினால் மட்டுமே அது திறக்கும். தேடுவதற்கு ஒரு தொடுகை, திறப்பதற்கு வேறொரு தொடுகை. ஆராய்ந்து பார்த்தால், இதுவும் விரலின் வழியை அறிந்து செய்த ஏற்பாடே.

அம்மாவைக் காணோம்!

இவ்வளவு வசதியும் வந்த பின்பும், நம் தமிழ்ப் பிள்ளையின் காதிலே தமிழ் விழாமற் போவதுண்டு. அதற்குக் காரணம் யந்திரமன்று, நாமே.

இலங்கையிலே தமிழைத் தட்டச்சுச் செய்வோரிடையே பாமினி என்னும் எழுத்துரு மிகப் பரவியது. அது தமிழுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் அதன் உள்ளமைப்பு வேறு. ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் உருவங்களைப் பொருத்தியதே அது. பாமினியில் ‘அம்மா’ என்று அடிக்கும்போது, கணினியின் உள்ளே பதிவாவன ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். கண்ணுள்ளவர் திரையிலே அம்மாவைக் காண்கின்றார். திரைவாசிப்பானோ உள்ளிருப்பதையே வாசிக்கும். கண்ணொளியற்ற மாணவி செவி சாய்த்துக் காத்திருக்க, அதன் வாயிலிருந்து வருவது ஆங்கில எழுத்துக்களின் உளறல். புள்ளியெழுத்திலே தன் விரலுக்கு அகப்பட்ட அம்மா, கணினியிலே அவள் செவிக்கு எட்டாது போய்விடுகின்றாள்!

இதற்கு மாற்று நெடுநாளாகவே இருக்கிறது. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம் வகுத்த யுனிகோட் முறையிலே, 1991 ஆம் ஆண்டின் முதற் பதிப்பு முதல் தமிழுக்கும் இடமுண்டு. யுனிகோடில் எழுதிய அம்மா, கண்ணுக்கும் அம்மா, கணினிக்கும் அம்மா. பாமினியிலுள்ள பழைய ஆவணங்களையும் மாற்றியமைத்துக் கொள்ள மென்பொருள்கள் உள்ளன. அதைப் போன்ற மற்றொரு தடை, அறிவித்தல்களையும் வினாத்தாள்களையும் புகைப்படமாக எடுத்து அனுப்பும் பழக்கம். படத்துக்குள் எழுத்து இருப்பதாக நாம் காண்கிறோம். திரைவாசிப்பானுக்கோ அஃது ஒரு வெறும் படம்.

நாம் செய்யக் கூடியவை

வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் 1996 ஆம் ஆண்டு நிறைவேறியது. அவ்வுரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் 2016 ஆம் ஆண்டில் நாடு உறுதிப்படுத்தியது. சட்டம் வாயிற் கதவைத் திறந்து வைக்கும். ஆனால் படியிலே கிடக்கும் கல்லை அகற்றுவது வீட்டிலிருப்போர் கடமை.

தட்டச்சுச் செய்யும்போது யுனிகோடிலே செய்வோம். ஓர் அறிவித்தலைப் படமாக அனுப்ப நேர்ந்தால், அதிலுள்ள செய்தியை எழுத்தாகவும் உடன் அனுப்புவோம். புகைப்படம் ஒன்றைப் பகிரும்போது, அதில் இருப்பது யாது என்று ஒரு வாக்கியம் சேர்ப்போம். கணினித்துறை பயிலும் மாணவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. விழிப்புலனற்றோருக்காக நீங்கள் ஒன்றை ஆக்க எண்ணினால், முடித்த பின்பு கொண்டுபோய்ப் பரிசளிக்க வேண்டா. தொடங்கும் முன்னரே அவர்களுள் ஒருவரை அருகில் இருத்தி, “இது உங்களுக்கு வசதியாக இருக்கிறதா?” என்று கேளுங்கள். “இல்லை” என்ற விடை வந்தால் மனம் வருந்தாதீர்கள். அந்த விடையே உங்கள் வேலையின் தொடக்கமாகும். கண்ணை மூடிக்கொண்டு நாம் சில நிமிடம் சோதிப்பது, வாழ்நாள் முழுவதும் அவ்வாறு வாழ்பவரின் அனுபவத்துக்கு ஒருபோதும் ஈடாகாது.

இன்றிரவு கைத்தொலைபேசியிலே ஒரு செய்தியை அனுப்பும் முன், அதனைக் கேட்டு அறியக் காத்திருக்கும் ஒரு பிள்ளை எங்கேனும் இருக்கலாம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. ஏடு தொடக்கும் நாளிலே எல்லாக் குழந்தைகளின் விரலையும் பிடித்தே எழுத்தைக் கொடுக்கின்றோம். அவ்விரலை இடைவழியிலே கைவிடாதிருப்பதும் நம் கடனேயாகும்.